மவுஸ் இடது பக்கம் வந்த கதை

(சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



வரவு செலவு வாசிக்கத்தான் வழக்கமாக என்னைக் கூப்பிடுவார்கள். இன்று கணக்கு இல்லை. கம்ப்யூட்டர் மவுஸைப் பற்றிக் கொஞ்சம் பேசுகிறேன். டீ ஆறுவதற்குள் முடித்துவிடுவேன்.

நான் பிறவியிலேயே இடது கைக்காரன். பள்ளிக்கூடத்தில் 'நொட்டாங்கை' என்ற கேலியும் ஸ்கேல் அடியும் என்னை வலது கைக்கு மாற்றின. பி.காம். முடித்து வங்கியில் கிளார்க் ஆனேன். கவுண்டரில் உட்கார்ந்துகொண்டு இடது கையால் பணத்தை நீட்ட முடியுமா? வாடிக்கையாளர் முகம் சுளிப்பார். லெட்ஜர் போய்க் கம்ப்யூட்டர் வந்தபோது மவுஸும் வலது பக்கமே இருந்தது. அதை மாற்றலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

போன வருடம் வலது மணிக்கட்டில் வலி வந்தது. அந்தக் கைக்குக் கொஞ்ச நாள் ஓய்வு கொடுக்கச் சொன்னார் டாக்டர். அதுவோ மார்ச் மாதம். நம் பராமரிப்புக் கட்டணக் கணக்கு பாதியில் நிற்கிறது. பொறுப்பிலிருந்து விலகுவதாகச் செயலாளருக்குக் கடிதமே எழுதி வைத்துவிட்டேன்.

லீவுக்கு வந்திருந்த பேத்தி அதைப் பார்த்தாள். அவளும் இடது கைதான், ஆனால் அவளை யாரும் அடித்ததில்லை. "தாத்தா, மவுஸை இந்தப் பக்கம் வையுங்க. பட்டனை மாத்திக்கலாம்" என்றாள். ஒரு நிமிட வேலை.

விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், அதில் 'புளூடூத் அண்ட் டிவைசஸ்', அதற்குள் 'மவுஸ்'. மேலேயே 'பிரைமரி மவுஸ் பட்டன்' என்று இருக்கும். லெஃப்ட் என்பதை ரைட் ஆக்குங்கள். இனி இடது கையின் ஆள்காட்டி விரல் இருக்கும் பட்டன்தான் முக்கிய பட்டன். பழையபடி ஆக்க வேண்டுமானால் வலது பட்டனால் க்ளிக் செய்ய வேண்டும் என்பதை மறக்காதீர்கள். வலது கைக்கென்றே வளைத்துச் செய்த மவுஸ் சரிவராது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதாக வாங்குங்கள்.

நான் செய்த ஒரு தவறையும் சொல்லிவிடுகிறேன். சங்க அலுவலகக் கம்ப்யூட்டரிலும் யாரிடமும் சொல்லாமல் பட்டனை மாற்றிவிட்டேன். மறுநாள் செயலாளர் எதைத் தொட்டாலும் வேறு ஏதோ மெனு வந்து நின்றிருக்கிறது. மவுஸ் கெட்டுவிட்டது என்று புதிதாக வாங்கவே கிளம்பிவிட்டார்! விண்டோஸ் இந்த அமைப்பை ஒவ்வொரு யூசருக்கும் தனித்தனியாக வைத்துக்கொள்ளும். ஆகவே பொதுக் கம்ப்யூட்டரில் உங்களுக்கென ஒரு யூசர் அக்கவுண்ட் வைத்துக்கொண்டு, அதில் மட்டும் மாற்றுங்கள்.

வலது கைக்காரர்களுக்கும் இரண்டு விஷயம். அதே மவுஸ் பக்கத்தில் 'அடிஷனல் மவுஸ் செட்டிங்ஸ்' என்று இருக்கிறது. விரல் நடுக்கத்தால் டபுள் க்ளிக் விழவில்லையா? அங்கே வேகத்தைக் குறைத்துவிடுங்கள், மெதுவாக இரண்டு முறை தட்டினாலும் ஏற்றுக்கொள்ளும். பட்டனை அழுத்திப் பிடித்தபடி இழுக்கச் சிரமமா? 'க்ளிக்லாக்' என்பதை டிக் செய்யுங்கள். கொஞ்ச நேரம் அழுத்திவிட்டு விரலை எடுத்துவிடலாம். பிடித்தது பிடித்தபடி நிற்கும். இன்னொரு முறை க்ளிக் செய்தால் விட்டுவிடும்.

நம்மில் பலர் "எனக்கு இதெல்லாம் வராது" என்று கம்ப்யூட்டரை மூடி வைத்துவிட்டோம். மின்கட்டணம், பேங்க் வேலை எல்லாவற்றுக்கும் பிள்ளைகளின் லீவு நாளுக்காகக் காத்திருக்கிறோம். வராதது நமக்கா, அல்லது மவுஸ் நம் கைக்கு ஏற்றபடி இல்லையா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். சிரமம் இருந்தால் என்னைக் கூப்பிடுங்கள், வீட்டுக்கே வந்து மாற்றித் தருகிறேன்.

அந்த ராஜினாமாக் கடிதத்தைக் கிழித்துவிட்டேன். மார்ச் கணக்கை முழுக்க இடது கையாலேயே முடித்தேன். ஒரு ரூபாய்கூட உதைக்கவில்லை.