ஆய்வுக்கூடத்திலிருந்து மாடவீதிக்கு



கவிதை பேசும் அவையில் மின்விசிறியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன், பொறுத்தருள வேண்டும்.

நம் வீடுகளில் சுழலும் பழைய விசிறி ஏறத்தாழ 75 வாட் மின்சாரம் கொள்கிறது. தியாகராய நகர்க் கடைகளில் ‘பி.எல்.டி.சி.’ என்று விற்கும் புதுவகை விசிறிக்கு 30 வாட் அளவே போதும். நாளுக்குப் பன்னிரண்டு மணியாக முந்நூறு நாள் ஓடினால், ஒரு விசிறியில் மிஞ்சுவது சுமார் 160 யூனிட். நிலக்கரியைப் பெரிதும் நம்பியிருக்கும் நம் மின்தொகுப்பில் யூனிட்டுக்கு ஏறத்தாழ 700 கிராம் கரியமில வாயு என்று கொண்டால், ஆண்டுக்கு நூறு கிலோவுக்கு மேல் காற்றில் கலவாமல் நிற்கும். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினர், கூரைச் சூரியத் தகடு தரும் நேர்மின்சாரத்தை அப்படியே இத்தகைய விசிறிக்கும் விளக்குக்கும் செலுத்தும் முறையை வகுத்தனர். அடையாற்றுப் பக்கம் நிகழ்ந்த இச்செய்தி மயிலாப்பூர் மாடவீதிகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அண்மையில் ஒரு கருத்தரங்கிற்குச் சென்றிருந்தேன். இடத்தின் பெயர் வேண்டாம். ‘நிகரச் சுழியம்’ பற்றி நாள் முழுதும் ஆங்கிலத்திலேயே பேசினார்கள். தேநீர் வேளையில் அங்கிருந்த மின்பணியாளர், “என்ன சார் கூட்டம்?” என்றார். வெளியிடும் கரியும் திரும்ப ஈர்க்கப்படும் கரியும் கணக்கில் நேராக வேண்டும், 2070-க்குள் அதை எட்டுவதாக இந்தியா 2021-இல் அறிவித்தது, 2023-இல் வெளியான சென்னைக் காலநிலைத் திட்டம் 2050-ஐக் குறித்திருக்கிறது என்றேன். சற்று நேரம் யோசித்தார். “அப்போ மாடியில தகடு போடணும். நான் இருக்கிறது வாடகை வீடு. மாடி வீட்டுக்காரருது சார்” என்றார்.

அன்று மேடையில் எவரும் எழுப்பாத வினா அது. பொறியாளர் தகட்டை அறிவார். வாடகை ஒப்பந்தத்தைச் சட்டத்துறையினர்தாம் அறிவர். மின்சாரத்தில் ஒரு பகுதியை இலவசமாகப் பெறும் குடும்பம் விசிறியை மாற்றுவதால் என்ன பெறும் என்பதைப் பொருளியலார் சொல்ல வேண்டும். விசிறிக்கு முன்பே காற்று வரும் வழியைக் கட்டடக்கலைஞர் காட்ட வேண்டும். இவர்கள் எல்லாரும் ஒரே வளாகத்தில் இருந்தும் ஒரு மேசையில் அமர்வதில்லை. தமிழ்த்துறையையோ இறைவணக்கத்திற்கும் நன்றியுரைக்கும் மட்டுமே அழைக்கிறார்கள்!

முன்னர் அப்படி இல்லை. தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் கலைக்களஞ்சியம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்தது. அறிவியலும் மருத்துவமும் அதில் தமிழில் எழுதப்பட்டன. அதன் முதன்மை ஆசிரியர் பெரியசாமித் தூரன் ஒரு கவிஞர். சொல்லின் எடையறிந்த ஒருவரிடம் அறிவியலாளர் தம் கட்டுரைகளை ஒப்படைத்தனர்.

நம் வட்டம் அவ்வேலையைச் சிறிய அளவில் தொடங்கலாம் என்பது என் வேண்டுகோள். மாதம் ஓர் ஆய்வாளர். அவருடன் நம் கவிஞர் ஒருவர். இருவரும் சேர்ந்து இரண்டு பக்கம் எழுதட்டும். அதை ஆய்வாளர் அல்லாத ஒருவருக்கு வாசித்துக் காட்டுவோம். விளங்காத இடத்தைத் திருத்துவோம். முதற்கூட்டத்திற்கு அந்த மின்பணியாளரையே அழைத்திருக்கிறேன். ஞாயிறு வேலையில்லாவிட்டால் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.