ஊரின் மின்கணக்கும் நம் உரிமையும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



நம் கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்திருக்கும் இந்நன்னாளில், படிப்பு, வேலை, உரிமை ஆகிய மூன்றும் ஒன்றுகூடும் ஒரு பொருளைப் பற்றிப் பேச விழைகிறோம். ஊர்கள் தமக்கென எரிசக்தி மேலாளர் ஒருவரை அமர்த்திக்கொள்ள அரசு மானியம் வழங்க வேண்டும் என்பதே அப்பொருள். "இதில் நமக்கென்ன?" என்று சிலர் நினைக்கக்கூடும். நமக்கு நிரம்ப உண்டு என்பதை எடுத்துக்காட்டவே இங்கு நிற்கிறோம்.

நம் ஊரப்பாக்கம் வண்டலூருக்கும் கூடுவாஞ்சேரிக்கும் இடையே, ரயில் பாதையும் நெடுஞ்சாலையும் அருகருகே செல்லும் இடத்தில் அமைந்தது. சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931ஆம் ஆண்டிலேயே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. மின்சாரம் இவ்வட்டாரத்துக்கு அத்துணை பழையது. ஆனால் நம் குடியிருப்புகளுக்கு அது எவ்வளவு காலம் கழித்து வந்தது என்பதை இங்கு அமர்ந்திருக்கும் மூத்தோர் அறிவர். மண்ணெண்ணெய் விளக்கில் படித்தவர்களே இச்சங்கத்தைக் கட்டி எழுப்பினார்கள்.

1924ஆம் ஆண்டு சென்னைச் சட்டமன்றத்தில், பொதுச் சாலைகளும் கிணறுகளும் எல்லோருக்கும் உரியவை என்ற தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் நம் செங்கற்பட்டு மாவட்டம் ஈன்றெடுத்த இரட்டைமலை சீனிவாசனார். சாலையில் நடக்கும் உரிமை பெற்ற மக்களுக்கு, அச்சாலையில் விளக்கு எரிய வேண்டும் என்று கேட்கும் உரிமையும் உண்டு. நீர் எடுக்கும் உரிமை பெற்றவர்களுக்கு, அந்நீரை ஏற்றும் மோட்டார் எப்படி இயங்குகிறது என்று கேட்கும் உரிமையும் உண்டு. 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் தெருவிளக்கையும் குடிநீரையும் ஊராட்சியின் கடமைகளாகவே வகுத்துள்ளது.

இனி மின்கணக்குக்கு வருவோம். ஓர் ஊர் நிருவாகத்தின் மின்செலவில் பெரும்பகுதி இவ்விரண்டுக்கே போகிறது. பத்துக் குதிரைத்திறன் கொண்ட மோட்டார் முழுச் சுமையில் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறத்தாழ எட்டரை யூனிட் மின்சாரம் செலவாகும். குழாய்க் கசிவினாலோ தேய்ந்த பம்பினாலோ நாள்தோறும் இரண்டு மணி நேரம் வீணாக ஓடுமானால், ஆண்டுக்கு ஆறாயிரம் யூனிட்டுக்கு மேல் விரயமாகும். பழைய சோக்குடன் கூடிய குழல் விளக்கு ஏறத்தாழ 50 வாட் எடுக்கும். அவ்விடத்தில் 20 வாட் எல்.இ.டி. விளக்கைப் பொருத்தினால், இரவுக்குப் பதினொரு மணி நேரம் எரியும் ஒரு விளக்கில் ஆண்டுக்கு 120 யூனிட் மிச்சப்படும். இருநூறு விளக்குகளுக்கு 24,000 யூனிட்.

இக்கணக்கைப் போடுபவர் யார்? பொறியாளருக்குச் சாலை, கால்வாய், கட்டடம் என்று ஆயிரம் வேலை. அலுவலகத்துக்கு வரும் மின்பட்டியலுக்குப் பணம் கட்டப்படுகிறதே தவிர, அது படிக்கப்படுவதில்லை. ஊராட்சிகளில் மின்கட்டணத்துக்கென்றே தனிக் கணக்கிலிருந்து பணம் செல்வதால் அதன் சுமையை ஊரார் உணர்வதுமில்லை. மாதந்தோறும் மீட்டர்களைச் சரிபார்த்து, ஒப்பந்த மின்சுமை மிகையா என நோக்கி, வேண்டிய இடத்தில் கெப்பாசிட்டர் பொருத்தச் செய்து, கசிவைக் கண்டுபிடித்து, அனைத்தையும் எண்ணிக்கையில் எழுதி வைக்க ஒருவர் வேண்டும். அவரே எரிசக்தி மேலாளர்.

இது புதுமையான பேச்சன்று. 2001ஆம் ஆண்டின் எரிசக்தி சேமிப்புச் சட்டம், மின்சாரத்தையும் எரிபொருளையும் பேரளவில் செலவிடுவோராக அறிவிக்கப்பட்ட தொழிற்சாலைகள் முதலியன தகுதி பெற்ற எரிசக்தி மேலாளரை அமர்த்த வேண்டும் என்று விதித்தது. 2002 மார்ச்சில் எரிசக்தித் திறன் பணியகம் தோன்றியது. பணியகம் நகராட்சிகளுக்கென ஒரு திட்டம் வகுத்து 175 நகர அமைப்புகளை ஆராய்ந்தது. அவற்றுள் 134க்கு விரிவான திட்ட அறிக்கைகள் ஆயத்தமாயின. 2015 ஜனவரியில் தொடங்கப்பட்ட தேசியத் தெருவிளக்குத் திட்டத்தில் ஒரு கோடிக்கு மேற்பட்ட எல்.இ.டி. விளக்குகள் பொருத்தப்பட்டன. அறிக்கை வந்தது, விளக்கும் வந்தது. ஆனால் தொழிற்சாலைக்குக் கட்டாயமாக்கப்பட்ட அந்த மனிதர் மட்டும் சிற்றூர்களுக்கு வரவில்லை.

வெளிநாட்டில் எவ்வாறு செய்தனர்? அமெரிக்காவில் 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் உருவான மானியத் திட்டத்துக்கு 2009இல் 320 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. நகரங்கள் எரிசக்தித் திட்டம் வகுக்கவும், வல்லுநரை அமர்த்தவும், கட்டடங்களைத் தணிக்கை செய்யவும் அப்பணம் பயன்படலாயிற்று. 35,000க்கு மேல் மக்கள்தொகை கொண்ட நகரங்கள் நேரடியாகப் பெற்றன. மாநிலங்கள் தமக்குக் கிடைத்ததில் 60 விழுக்காட்டுக்குக் குறையாமல் சிறிய ஊர்களுக்குப் பகிர்ந்தளிக்க வேண்டும் என்பதும் விதி. பெரியவரே எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளாதபடி சட்டத்திலேயே வேலி கட்டியதை நாம் கருத்தில் கொள்ள வேண்டும்.

நம் தமிழகத்திலும் வழிகாட்டி உண்டு. கோவை மாவட்டம் மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறை ஊராட்சி, 2006இல் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றைத் தன் பணமும் வங்கிக் கடனுமாக 1.55 கோடி ரூபாயில் நிறுவி, ஊர்த் தேவைக்கு மிஞ்சிய மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்றது. கணக்குத் தெரிந்த தலைமை இருந்தால் ஊராட்சியும் இத்தகைய செயலைச் செய்ய முடியும் என்பதற்கு அது சான்று. ஆனால் ஆற்றல் மிக்க ஒரு தலைவர் எல்லா ஊருக்கும் வாய்ப்பதில்லை. ஆகவே அப்பணியை ஒரு பதவியாக்க வேண்டும் என்கிறோம்.

"சம்பளத்துக்குப் பணம் ஏது?" என்பர். ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் பாருங்கள். பல ஊராட்சிகள் சேர்ந்த ஒரு தொகுதி, ஆண்டுக்கு ஒரு கோடி ரூபாய் மின்கட்டணம் செலுத்துவதாகக் கொள்வோம். பத்தில் ஒரு பங்கு மிச்சமானால் பத்து இலட்சம். மேலாளருக்கு மாதம் ஐம்பதாயிரம் வீதம் ஆறு இலட்சம் போக நான்கு இலட்சம் மீதம். ஆனால் முதலாண்டிலேயே மிச்சம் கைக்கு வராது. கருவிகள் வாங்கவும் பழுது நீக்கவும் காலம் பிடிக்கும். அக்காலத்துக்கே மானியம் வேண்டும். மூன்றாண்டுக்கு அரசு சம்பளம் தரட்டும். மிச்சமாகும் தொகை தனிக் கணக்கில் சேரட்டும். நான்காம் ஆண்டிலிருந்து அப்பதவி தன் காலிலேயே நிற்கும்.

இங்கே நாம் விழிப்புடன் இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. சேமிப்பு என்ற பெயரால் முதலில் அணைக்கப்படுவது எந்தத் தெருவின் விளக்கு? பெருந்தெருவில் விளக்குக் கெட்டால் மறுநாளே ஏணி வருகிறது. காலனியில் கெட்டால் மனு மேல் மனு கொடுக்க வேண்டியிருக்கிறது. ஆகவே மானியத்தோடு ஒரு நிபந்தனையையும் கேட்போம். தெருவாரியாக எத்தனை விளக்குகள் உள்ளன, எத்தனை எரிகின்றன, பழுது நீக்க எத்தனை நாள் ஆயிற்று என்ற பட்டியல், கிராம சபையில் மாதக் கணக்கோடு வைக்கப்பட வேண்டும். இருட்டினால் வருவது சேமிப்பாகாது.

மற்றொன்று வேலை. மின்கம்பத்தில் ஏறுபவரும் தொட்டிக்கு நீர் ஏற்றுபவரும் பெரும்பாலும் நம்மவரே. மோட்டாரின் ஓசையைக் கேட்டே அதன் நோயைச் சொல்லும் அறிவு அவர்களிடம் உண்டு. ஆனால் கணக்கெழுதிக் கையெழுத்திடும் நாற்காலி வேறொருவருடையதாகவே இருந்து வந்திருக்கிறது. எரிசக்தி மேலாளர் தேசியத் தேர்வு 2004 முதல் நடைபெற்று வருகிறது. பொறியியல் பட்டதாரிகள் மூன்றாண்டு அனுபவத்துடனும், டிப்ளமோ படித்தோர் ஆறாண்டு அனுபவத்துடனும் எழுதலாம். மேலாளருக்கு மூன்று தாள்கள். நான்காவதையும் எழுதித் தேறினால் தணிக்கையாளர் ஆகலாம். பாலிடெக்னிக் முடித்து, வேலையில் இருக்கும் நம் தம்பி தங்கையர் இதை எழுதுவதற்கு என்ன தடை? தேர்வுக் கட்டணத்துக்கும் நூல்களுக்கும் தாட்கோ உதவ வேண்டும் என்று மனுச் செய்வோம். பயிற்சி வகுப்பை நம் சங்கமே மாலை நேரத்தில் தொடங்கட்டும்.

அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் உறுப்பினராக இருந்தபோது மின்சாரமும் அவர் பொறுப்பில் இருந்தது. 1943 அக்டோபரில் மின்சாரக் கொள்கைக் குழுவில் பேசுகையில், மின்சாரம் மலிவாகவும் மிகுதியாகவும் கிடைக்க வழி யாது, அது அரசின் கையில் இருக்க வேண்டுமா தனியார் கையிலா என்ற வினாக்களை எழுப்பினார். இந்நாட்டின் வறுமை நீங்கத் தொழில் பெருக வேண்டும், தொழில் பெருக மின்சாரம் வேண்டும் என்பது அவர் கண்ட தெளிவு. அம்பத்தூரில் உள்ள தேசிய உற்பத்தித்திறன் கழகத்தின் பயிற்சி நிலையம் அவர் பெயரையே தாங்கியது. எரிசக்தி மேலாளர் தேர்வைப் பல ஆண்டுகள் நடத்தி வந்ததும் அக்கழகமே. அண்ணலின் படத்துக்கு மாலையிடும் நாம், அவர் அமர்ந்து பணியாற்றிய துறையில் நம் பிள்ளைகளை அமர்த்துவதே அவருக்குச் செய்யும் மெய்யான மரியாதை.

இளைஞர்களே! அடுத்த கிராம சபைக்குச் செல்லுங்கள். ஓராண்டு மின்பட்டியலைக் கேளுங்கள். உங்கள் தெருவில் எரியாத விளக்குகளை எண்ணி எழுதிக்கொண்டு போங்கள். மானியம் கேட்கும் தீர்மானம் அந்த ஏட்டிலிருந்து பிறக்கட்டும்.