தம்புரா மீட்டும் சீடர்கள் எங்கே?

கச்சேரி மேடையில் பாடகருக்குப் பின்னால் நிமிர்ந்து நிற்கும் தம்புராவைப் பற்றி இன்று பேசலாம்.

நான்கே தந்திகள். பஞ்சமம், இரண்டு சாரணி, கடைசியில் மந்தர ஷட்ஜம். முதல் மூன்றும் எஃகு, மந்தரம் பித்தளை. இதில் ராகம் வாசிக்க முடியாது. ஆனால் சுருதி சேர்ப்பது லேசுப்பட்ட காரியமல்ல. பிரடையைத் திருகி, மணியை நகர்த்தி, பிறகு குதிரைக்கும் தந்திக்கும் நடுவே ஜீவா என்கிற நூலை நுழைக்க வேண்டும். அதை மயிரிழை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தால், ஏதோ ஓர் இடத்தில் தந்தி சட்டென்று மலர்ந்து ரீங்கரிக்கும். அப்போது மந்தரத்தை மட்டும் மீட்டிக் கேளுங்கள். யாரும் வாசிக்காத அந்தர காந்தாரம் அதற்குள்ளிருந்து எழும். சுயம்பு காந்தாரம் என்பார்கள். அது காதில் ஒருமுறை பதிந்துவிட்டால், சங்கராபரணத்தில் காந்தாரம் எங்கே நிற்கவேண்டும் என்பது தானே விளங்கும்.

தம்புராவுக்குப் பதிலாக மின்னணு சுருதிப்பெட்டி வந்தது. இன்று கைப்பேசிச் செயலி. பயணத்துக்கு வசதி, குளிர்சாதன அரங்கிலும் சுருதி மாறாது. தனியாகச் சாதகம் செய்பவருக்குப் பேருதவி. அசல் தம்புராவின் ஒலியையே பதிவு செய்து ஒலிக்கும் செயலிகளும் உண்டு. அதனால் ஒலியைப் பற்றி நான் குறை சொல்லவில்லை. ஆனால் திரையில் ஐந்தரைக் கட்டை சுருதியைத் தொட்டால் ஐந்தரைக் கட்டை வந்துவிடுகிறது. காது உழைக்க வேண்டிய நேரம் அங்கே காணாமல் போகிறது. அதுதான் என் வருத்தம்.

இன்னொன்றும் போயிற்று. குருவுக்குப் பின்னால் தம்புராவோடு உட்கார்ந்த சீடனுக்கு, அது மேடையிலேயே நடந்த பாடம். ஆலாபனையில் குரு எங்கே மூச்செடுக்கிறார், தனி ஆவர்த்தனம் முடிந்து பல்லவியை எப்படிப் பிடிக்கிறார் என்பதையெல்லாம் இரண்டடி தூரத்தில் பார்த்துக் கற்றான். இப்போது பல மேடைகளில் அந்த இடத்தில் ஒரு பெட்டி இருக்கிறது.

இசை ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். வகுப்பில் வாரம் ஒரு நாளாவது செயலியை அணைத்துவிடுங்கள். பிள்ளைகள் தாங்களே சுருதி சேர்க்கட்டும், அரைமணி நேரம் ஆனாலும் பரவாயில்லை. உங்கள் வீட்டில் உறைக்குள் தம்புரா ஒன்று கிடந்தால், நேயர்களே, தந்தி மாற்றி, பாட்டுப் படிக்கும் ஒரு பிள்ளையின் கையில் கொடுங்கள்.