ஆய்வுக்கு முன்வந்த பெண்கள்



1886ஆம் ஆண்டு புதுக்கோட்டையில் பிறந்து, 1912ஆம் ஆண்டு சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரை நீங்கள் அறிவீர்கள். மருத்துவம் வளர அவரைப் போன்ற மருத்துவர்கள் வேண்டும். ஆனால், மருத்துவர் மட்டும் போதுமா? தம் உடலை ஆய்வுக்கு ஒப்படைக்கும் நோயாளரும் வேண்டுமல்லவா? அவர்களைப் பற்றியே இன்று சில சொல்ல விரும்புகிறேன்.

பிள்ளைப்பேறு வேண்டிக் கோயில் மரங்களில் சிறு தொட்டில் கட்டியிருப்பதை நம் ஊர்ப்புறங்களில் கண்டிருப்பீர்கள். ஒவ்வொரு தொட்டிலின் பின்னும் ஒரு பெண்ணின் கண்ணீர் உண்டு. குறை கணவனிடத்தே இருப்பினும் பழி மனைவியையே சேர்கிறது. இத்துயரம் நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று.

இங்கிலாந்தில் ஓல்டாம் என்னும் ஊரில், கருமுட்டையை உடலுக்கு வெளியே கருவுறச் செய்யும் ஆய்வு நடைபெற்றது. ராபர்ட் எட்வர்ட்ஸ் என்னும் அறிஞரும், பாட்ரிக் ஸ்டெப்டோ என்னும் மருத்துவரும், ஜீன் பர்டி என்னும் செவிலியரும் அதனை நடத்தினர். 1969 முதல் 1978 வரை 282 பெண்கள் அதற்கு முன்வந்தனர். மயக்க மருந்து கொடுத்து, வயிற்றில் சிறு துளையிட்டுக் கருமுட்டையை எடுப்பார்கள். இதனைப் பலமுறை தாங்கியவரும் உண்டு. பயன் யாது? கருவுற்றவர் ஐவர், குழந்தை பெற்றவர் இருவரே. 1978 ஜூலை 25 அன்று பிறந்த லூயிஸ் பிரௌன் அவ்விரு குழந்தைகளுள் முதலாவது. ஏனைய 280 பேருக்கும் அவ்வாய்வினால் மகப்பேறு வாய்க்கவில்லை. ஆயினும், அவர்கள் உடலிலிருந்து கற்ற பாடமே பின்னர் உலகெங்கும் இலட்சக்கணக்கான இல்லங்களில் தொட்டில் ஆடச் செய்தது. 2010ஆம் ஆண்டு எட்வர்ட்ஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அப்பெண்களுள் பெரும்பாலோர் பெயரை உலகம் இன்றும் அறியாது.

இங்கு ஒன்றை எண்ணிப் பாருங்கள். இம்முறையில் தமக்கு முன்னர் எவருக்கும் குழந்தை பிறந்ததில்லை என்பதை லூயிஸின் தாயார் லெஸ்லி அம்மையாரே முதலில் உணர்ந்திருக்கவில்லையாம். ஏக்கம் மிகுந்த நெஞ்சம் எதற்கும் இசைந்துவிடும். ஆதலின், அந்த இசைவு அறிந்து தரும் இசைவாக இருத்தல் இன்றியமையாதது.

இதனை நம் நாடும் உணர்ந்துள்ளது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017ஆம் ஆண்டு வெளியிட்ட நெறிமுறைகள், ஆய்வின் நோக்கத்தையும் இடரையும் நோயாளருக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும் என்கின்றன. எழுதப் படிக்கத் தெரியாதவராயின் நடுநிலைச் சாட்சி ஒருவர் உடனிருக்க வேண்டும். விரும்பும்போது ஆய்விலிருந்து விலகவும் அவருக்கு உரிமை உண்டு. விலகியதற்காக அவருக்குரிய சிகிச்சையை மறுத்தல் கூடாது.

மாணவர்களே, நாளை உங்களுள் சிலர் மருத்துவராகலாம். சிலர், கைந்நாட்டு வைக்கப்போகும் ஓர் அத்தைக்கோ அக்காளுக்கோ துணையாகச் செல்லலாம். அப்பொழுது அந்தத் தாளை முழுவதும் படித்துச் சொல்லுங்கள். “இதனால் எனக்குக் குழந்தை பிறக்குமா?” என்று அவர் வினவினால், உண்மையையே கூறுங்கள். அதனை அறிந்த பின்னரும் அவர் முன்வருவாராயின், அதுவன்றோ கொடை!