செருப்பை அணிகிறவரைக் கேட்டோம்

(மருத்துவமனையின் நன்கொடையாளர் கூட்டத்தில், காலணிப் பிரிவில் பணிபுரியும் தம்பதியர் ஆற்றிய உரை)



நாங்கள் மருத்துவர்கள் அல்ல. பழைய மகாபலிபுரம் சாலையில், ஒரு மென்பொருள் நிறுவனத்தில் 12 ஆண்டுகள் புராஜெக்ட் மேனேஜர்களாக இருந்தவர்கள். குறித்த நாளில், குறித்த செலவில் வேலையை முடித்து ஒப்படைப்பதே எங்கள் தொழில். அதை விட்டு, தொழுநோயால் உணர்விழந்த கால்களுக்குச் செருப்பு வடிவமைக்க ஏன் வந்தீர்கள் என்று பலரும் கேட்கிறார்கள்.

தொழில் மாறி வந்தவர்களுக்கு இந்தச் செங்கல்பட்டில் ஒரு முன்னோடி உண்டு. டாக்டர் பால் பிராண்ட் 1914-ல் கொல்லிமலையில், மிஷனெரி பெற்றோருக்குப் பிறந்தார். அவர் முதலில் கற்றது மருத்துவம் அல்ல. இங்கிலாந்தில் தச்சு வேலையும் கொத்து வேலையும் கற்று, சில ஆண்டுகள் கட்டடத் தொழிலில் இருந்தார். பின்னரே மருத்துவம் படித்து, 1946-ல் வேலூருக்கு வந்தார். 1947-ல் டாக்டர் ராபர்ட் காக்ரேனின் அழைப்பின்பேரில் இங்கிருந்த தொழுநோய் சானடோரியத்தைப் பார்க்க வந்தார். விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியிடம் தம் கையைக் கொடுத்து, இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். வலி பொறுக்க முடியாத அளவுக்கு அந்தப் பிடி இருந்தது! செத்துப்போனதாக எண்ணப்பட்ட கையில் நல்ல தசைகள் உயிரோடு இருந்தன. அவருடைய கை அறுவை சிகிச்சைப் பணிக்கு அதுவே வித்து.

பிற்பாடு அவரும் உடன் ஊழியர்களும் நோயாளிகள் எதைப் பிடிக்கிறார்கள், எப்படி நடக்கிறார்கள் என்று கூடவே இருந்து கவனித்தார்கள். விரல்கள் தாமாக உதிர்வதில்லை, வலி தெரியாததால் உண்டாகும் காயங்களே அவற்றை அழிக்கின்றன என்று கண்டார்கள். மிருதுவான ரப்பர் செருப்புகள் அப்படித்தான் வந்தன. தச்சுப் பட்டறையில் கழிந்த ஆண்டுகள் வீணாகவில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு வந்த நாங்களே முதல் ஆண்டில் தவறினோம். 60 ஜோடி, மூன்று மாதம் என்று அட்டவணை போட்டோம். நாள் தவறாமல் கொடுத்து முடித்தோம். இலக்கு நிறைவேறியது என்று அறிக்கையும் எழுதினோம்.

பிறகு மாமல்லபுரத்துக்கு அருகே ஒரு மீனவர் குப்பத்துக்குச் சென்றோம். அங்கே மீன் விற்கும் ஓர் அம்மா, கூட்டு மருந்துச் சிகிச்சையால் எப்போதோ குணமானவர். கிருமி ஒழிந்தாலும், பாதத்தில் இழந்த உணர்வு அவருக்குத் திரும்பவில்லை. நாங்கள் கொடுத்த செருப்பு ஒரு பையில் கட்டி, கூரையில் செருகியிருந்தது. அவர் காலிலோ புதிதாக ஒரு புண்.

“செருப்ப நான் குத்தம் சொல்லலம்மா. அதப் பாத்தாலே இன்ன வியாதின்னு ஊருக்குத் தெரிஞ்சுபோவுது. அப்புறம் எங்கிட்ட யாரு மீன் வாங்குவா?” என்றார்.

நாங்கள் பதில் பேசவில்லை. எங்கள் அறிக்கையில் நிறைவேறிய 60 ஜோடிகளில் அதுவும் ஒன்று.

மறு வாரம் விடியற்காலையில் அவர் கூடையின் பின்னாலேயே நடந்தோம். மணல் உள்ளே புகுந்து உறுத்தினாலும் அவருக்குத் தெரியாது என்பதைக் கண்டோம். மூடிய காலணி செய்து கொடுத்தோம். ஈரமும் மணலும் அதற்குள்ளேயே தங்கின, அதுவும் தோல்விதான். மூன்றாவது முறை அவரையே பட்டறைக்கு அழைத்து வந்து, அவர் சொல்லச் சொல்லச் செய்தோம். அடியில் அதே மிருதுவான ரப்பர். மேலே கடைச் செருப்பைப் போன்ற தோற்றம். மணல் உதறிவிட அகலமாகத் திறக்கும் வார். மடங்கிய விரல்களாலும் மாட்டக்கூடிய ஒட்டுப்பட்டை. அரக்கு நிறம் அவரே தெரிந்தெடுத்தது.

புண் ஆறியது. செருப்பு இப்போது காலில் இருக்கிறது. வாங்க வருகிறவர்கள் மீனின் விலையைத்தான் கேட்கிறார்கள்.

மனிதரை மையமாகக் கொண்ட வடிவமைப்பு என்று இதற்குப் பெரிய பெயர் இருக்கிறது. எங்களுக்கு அது அந்த அம்மாவின் பின்னால் நடந்த நடைதான். பழைய தொழிலின் ஒழுங்கை நாங்கள் விட்டுவிடவில்லை. இன்றும் அட்டவணை போடுகிறோம். ஆனால் கொடுத்த நாளோடு கணக்கை முடிப்பதில்லை. ஆறு மாதம் கழித்துச் சென்று, எத்தனை ஜோடி தேய்ந்திருக்கிறது என்று பார்க்கிறோம். தேய்ந்த செருப்பே எங்களுக்கு நற்செய்தி.

அன்பானவர்களே, உங்கள் காணிக்கை தோலும் ரப்பரும் மட்டும் வாங்கவில்லை. இரண்டு முறை தோற்று, மூன்றாம் முறை செய்து பார்க்கும் அவகாசத்தையும் எங்களுக்கு வாங்கித் தந்தது.