இணைப்பு அறுந்த இடம்



கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் இறுதி நாளன்று வீட்டுக் கணினியில் இணையம் வரவில்லையெனில், பழுதுபார்ப்பவரைத் தேடி ஓடுகிறோம். ஓடுமுன் கைப்பேசியில் மொபைல் டேட்டாவை நிறுத்திவிட்டு, வீட்டு வைஃபையில் இணைத்துப் பார்ப்போம். அதிலும் வரவில்லையெனில் குறை பெரும்பாலும் கணினியில் இல்லை. கண்ணாடி இழை இணைப்புப் பெட்டியில் ‘எல்.ஓ.எஸ்.’ விளக்கு சிவப்பாக எரிந்தால், இழை வழியே ஒளி வந்து சேரவில்லை என்பது பொருள். இணைப்பு வழங்கிய நிறுவனத்தாரிடமே முறையிட வேண்டும். கணினிக்குச் செலவிடுவது வீண்.

கைப்பேசியில் வந்து கணினியில் வராவிடில், கணினியின் ஐ.பி. முகவரியை நோக்குவோம். அது 169.254 என்று தொடங்கினால், ரூட்டரிடமிருந்து முகவரி கிடைக்காமல் கணினி தனக்குத் தானே ஒன்றைச் சூட்டிக்கொண்டது எனலாம். கம்பியைச் சரிபார்த்து, ரூட்டரையும் கணினியையும் அணைத்து மீண்டும் இயக்கினால் பெரும்பாலும் சீராகும்.

நம்மவர் பலரும் வாங்குவது பிறர் பயன்படுத்திய பழைய கணினியே. அதனுள் நாணயம் போன்ற சிறு மின்கலம் ஒன்றுண்டு. அது தீர்ந்தால் கணினியின் தேதி பல ஆண்டுகள் பின்னோக்கிப் போய்விடும். இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றுகள் செல்லாதவையாகத் தோன்றி, பக்கங்கள் திறக்க மறுக்கும். இணைப்போ நன்றாகவே இருக்கும்! தேதியைத் திருத்தி விண்ணப்பத்தை அனுப்பிவிடலாம். மின்கலத்தை மறுநாள் மாற்றிக்கொள்ளலாம்.