மஞ்சள் கடுதாசி வந்த பிறகு

(முன்னாள் மாணவர் சந்திப்பில் பேசிய உரையின் எழுத்து வடிவம்)



இந்தக் கல்லூரி எனக்கு ஒரு டிகிரி கொடுத்தது. சில வருஷம் கழித்து மதுரையில் ஒரு கோர்ட் எனக்கு எதிரா ஒரு டிக்ரி கொடுத்தது. முதல் டிகிரியைப் பற்றிப் பேசத்தான் என்னை அழைத்தார்கள். நான் இரண்டாவதைப் பற்றிப் பேசப் போகிறேன். இறுதியாண்டு மாணவர்களில் பாதிப்பேர் சொந்தத் தொழில் தொடங்கப் போவதாகச் சொன்னார்கள். அவர்களுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடப் போகிறவர்கள் மீதிப் பாதி. அதனால் இது இரண்டு தரப்புக்கும் உரியது.

நண்பன் ஒருவன் ஊருக்கு வெளியே சின்னதா ஒரு பட்டறை போட்டான். நிதி நிறுவனத்தில் கடன். நான் ஜாமீன். பட்டறை ஓடவில்லை, அவனும் ஊரை விட்டுப் போய்விட்டான். அப்போது நான் புனேயில் வேலையில் இருந்தேன். உசிலம்பட்டி பக்கம் எங்க வீட்டுக்கு அமீனா சம்மன் கொண்டுவந்தார். அப்பா வாங்கிப் பஞ்சாங்கத்துக்குள் வைத்துவிட்டு எனக்குப் போன் பண்ணினார். "எந்தத் தேதிப்பா போட்டிருக்கு?"ன்னு கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். தெரிஞ்சும் போகலை. கடன் வாங்கினவன் அவன், நான் எதுக்குப் போகணும்னு நினைப்பு. 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆவது பிரிவு, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லப்படாவிட்டால், கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ ஜாமீன்தாரருக்கும் அவ்வளவு பொறுப்பு என்கிறது. அது எனக்கு அப்போது தெரியாது.

வழக்கு எக்ஸ்பார்ட்டி ஆனது. டிக்ரி நோட்டீஸ் வந்ததும்தான் பதறிப் போய் வக்கீலைப் பார்த்தேன். சிவில் நடைமுறைச் சட்டம், கட்டளை 9, விதி 13-ன்படி ஒருதலைத் தீர்ப்பை ரத்து செய்யக் கேட்கலாம். 30 நாள் கெடு. மனுப் போட்டோம். ஆனால் விசாரணைத் தேதி முன்கூட்டியே தெரிந்திருந்தால், சம்மன் சேர்த்த விதத்தில் உள்ள குறையை மட்டும் காட்டித் தப்ப முடியாது என்று அதே விதி சொல்கிறது. மனு தள்ளுபடி. அதன் மேல் அப்பீல் போட வேண்டியவன், வெறுத்துப் போய்ப் புனேக்கே திரும்பிவிட்டேன்.

அடுத்து வந்தது திவால் நோட்டீஸ். நம்ம பக்கம் "ஐ.பி. குடுத்துட்டான்", "மஞ்சக் கடுதாசி குடுத்துட்டான்" என்றால், கடன்பட்டவர் தானே கோர்ட்டுக்குப் போய்விட்டார் என்று அர்த்தம். கடன் கொடுத்தவரும் போகலாம் என்பது பலருக்குத் தெரியாது. மதுரை மாதிரி ஊர்களுக்கு 1920-ஆம் வருஷத்து மாகாணத் திவால் சட்டம், சென்னை நகருக்கு 1909-ஆம் வருஷத்துச் சட்டம். 1978-இல் வந்த திருத்தத்தின்படி, இறுதியாகிவிட்ட பண டிக்ரி வைத்திருப்பவர் நோட்டீஸ் கொடுத்து, கெடுவுக்குள் பணம் வராவிட்டால் அதையே திவால் செயலாகக் காட்டி மனுப் போடலாம். 'இறுதியாகிவிட்ட' என்ற சொல்லைக் கவனியுங்கள்.

நான் என்ன செய்தேன்? வட்டியை மாத வாரியாகக் கணக்குப் போட்டு, தொகை தப்பு என்று எழுதி, நான் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடவில்லை என்றும் சேர்த்து, பழைய மனுவில் சொன்ன காரணங்களையும் வரி மாறாமல் எதிர்மனுவில் வைத்தேன். இன்ஜினியர் போட்ட கணக்கு, பைசா சுத்தம். வக்கீல் ஐயா படித்துப் பார்த்துவிட்டு, "தம்பி, கான்கிரீட் போட்டு மூடின பிறகு கம்பி எத்தனைன்னு எண்ணலாம்ங்கிறீங்களே" என்றார். என் தொழிலை வைத்தே என்னை அடித்தார்.

நீதிமன்றத்தில் ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. 11-ஆவது பிரிவில் உள்ள முன் தீர்ப்புத் தடை, வாதாடித் தோற்றதை மட்டும் தடுப்பதில்லை. அப்போது சொல்லியிருக்க வேண்டியதைச் சொல்லாமல் விட்டிருந்தால் அதையும் சேர்த்தே தடுக்கிறது. அதன் நான்காவது விளக்கத்தைப் படித்தபோதுதான் என் பைசா சுத்தக் கணக்கு ஏன் செல்லாது என்று புரிந்தது. வட்டியைப் பேச வேண்டிய இடம் அந்தப் பழைய வழக்கு. திவால் கோர்ட்டில் முக்கியமான கேள்வி வேறு: உன்னால் கட்ட முடியுமா?

கதவு முழுசாக மூடிவிடுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வழக்கு நடந்தபோது சட்டப்படி எழுப்பவே முடியாத எதிர்க்கோரிக்கை, அதுவும் டிக்ரி தொகைக்குக் குறையாமல் இருந்தால், நோட்டீஸை ரத்து செய்யக் கேட்கலாம். கடன் நிவாரணச் சட்டம் எதிலாவது டிக்ரியையே நீக்க உரிமை இருந்தாலும், டிக்ரி நிறைவேற்ற முடியாததாக இருந்தாலும் கேட்கலாம். 2006-இல் பரம்ஜீத் சிங் பதேஜா வழக்கில் உச்ச நீதிமன்றம், நடுவர் தீர்ப்பு திவால் நோட்டீஸுக்குரிய டிக்ரி ஆகாது என்று சொன்னது. அங்கே கதவைத் திறந்தது, வந்த காகிதம் டிக்ரியே இல்லை என்ற வாதம். இங்கிலாந்திலும் மோசடி, கூட்டுச்சதி இருந்தால் திவால் கோர்ட் தீர்ப்புக்குப் பின்னால் போய்ப் பார்க்கும். ஆனால் கடன் கோரும் நோட்டீஸை ரத்து செய்யக் கேட்டுத் தோற்ற அதே வாதத்தை, நிலைமை எதுவும் மாறாமல், மனு விசாரணையில் மறுபடி எடுத்தால் கேட்க மாட்டார்கள்.

நம்ம ஊரில் இதைச் சொன்னால் உடனே கண்ணகியைக் காட்டுவார்கள். எங்க மாமாவும் காட்டினார். பாண்டியன் அவையில் அவள் பழைய வாதத்தைத் திருப்பிச் சொல்லவில்லை. கோவலனை யாரும் விசாரிக்கவே இல்லை, அதனால் திருப்பிச் சொல்லப் பழைய வாதமும் கிடையாது. அவள் வைத்தது புதுச் சான்று. தேவியின் சிலம்பில் முத்து, இவள் சிலம்பில் மாணிக்கம். எனக்கோ சம்மன் வந்தது, தேதி தெரியும், கையில் சிலம்பும் இல்லை.

திவாலானவர் என்று தீர்ப்பாகிவிட்டால் சொத்து கோர்ட்டின் அல்லது ரிசீவரின் கைக்குப் போய்விடும். விடுதலை பெறும்வரை எம்.எல்.ஏ. ஆகவும் முடியாது. இரண்டாவது எனக்குப் பெரிய நஷ்டமில்லை. முதலாவது வராமல் இருக்க, தீர்ப்புக்கு முன்பே சமரசம் பேசினோம். அப்பா ஒரு ஏக்கர் புஞ்சையை விற்றார். கோர்ட் அனுமதி இல்லாமல் திவால் மனுவை வாபஸ் வாங்க முடியாது என்பதால் அதற்கும் இரண்டு வாய்தா ஆனது. அப்பா இன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

கம்பெனி தொடங்கும் தம்பிகளுக்கு ஒன்று. கம்பெனிக் கடனுக்கு நீங்கள் போடும் சொந்த ஜாமீனுக்கு, 2019 டிசம்பர் 1 முதல் 2016-ஆம் வருஷத்து நொடிப்புச் சட்டம் பொருந்துகிறது. அதில் நோட்டீஸ் கெடு 14 நாள்தான். வழக்கும் சென்னைத் தீர்ப்பாயத்துக்குப் போகும். 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இந்த ஏற்பாடு செல்லும் என்று சொல்லிவிட்டது. மனுவை ஏற்பதா வேண்டாமா என்று முடிவு செய்யுமுன் உங்களைக் கேட்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது. கேட்கும்போது போங்கள்.

சாப்பாட்டுக்குப் பிறகு பின்வரிசையில்தான் இருப்பேன். யாரிடமாவது சம்மன், நோட்டீஸ் ஏதாவது இருந்தால், அது கைக்கு வந்த தேதியைப் பார்த்துக்கொண்டு வந்து பேசுங்கள்.